ஐந்தாவது திருத்தம்

மதிய வெயில் சன்னலோடு நின்றுவிட்டது. கணினித் திரையின் வெளிச்சம்தான் வடிவமைப்பாளர் அவள் முகத்தில் விழுகிறது. காலையிலிருந்து ஒரே போஸ்டரை ஐந்தாவது முறையாகத் திருத்துகிறாள். போன வாரம் ஆலையில், ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தைத் துடைக்கப்போன ஒருத்திக்கு இரண்டு விரல் போய்விட்டது. அதற்காக ஆலைச் சுவரில் ஒட்டவேண்டிய எச்சரிக்கை இது. அதே வரிசையில், நாலு இயந்திரம் தள்ளி, போஸ்டர் செய்கிற இவளுடைய அக்கா நின்று வேலை பார்க்கிறாள். ‘நிறுத்திவிட்டுத் துடை’ என்று போஸ்டரில் இவள் கருப்பில் பெரிதாக வைத்து, சுற்றிலும் வெள்ளையாக விட்டிருக்கிறாள். ஆலை மேலாளர் அந்த வெள்ளையை விரலால் தட்டுகிறார். “இவ்ளோ இடம் சும்மா கெடக்குதேம்மா. முதலாளி படத்தைப் போடு.” “சும்மா கெடக்கல சார். அது இருந்தாத்தான் எழுத்து கண்ணுல படும்.” “படிச்ச பிள்ளைங்ககிட்ட பேசி மாளாது. போடும்மா.”

போடுகிறாள். படம் விரிய விரிய, பணக்கார வீட்டு விசேஷத்துக்கு வந்த ஏழைச் சொந்தம்போல எழுத்து ஓரமாக ஒதுங்குகிறது. மவுஸ் பிடித்த மணிக்கட்டு கடுக்கிறது. “சார், அந்தக் கதவுகிட்ட போய் நின்னு, கண்ணை லேசா இடுக்கிப் பாருங்க. வேலை நடுவுல மெஷின்கிட்ட நிக்கிறவங்களுக்கு அவ்ளோதான் தெரியும்.” அவர் போய் நின்று, கண்ணை இடுக்குகிறார். மின்விசிறி அலுத்துக்கொண்டே சுற்றுகிறது. “முதலாளி சிரிக்கிறது நல்லாத் தெரியுது.” “வேற?” “வேற ஒண்ணும் தெரியல.” அவள் அவர் முகத்தையே பார்த்துக் காத்திருக்கிறாள். “அப்போ சரியா வந்திருக்கு. அச்சுக்கு அனுப்பிடும்மா” என்கிறார், மனசார.