திரையில் கால்கள் மட்டும்

வெண்திரையில் என் அக்காவின் கால்கள் மட்டும் தெரிந்தன.

அப்பா எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். போகவில்லை. கைத்தடியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அடையாற்றில் அந்த சர்ச்சின் ஆர்கன் இருப்பது பின்பக்கத்து மாடியில். வாசிப்பவர் நம் முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலே இருப்பார். அதனால் முன்னால் திரை கட்டி கேமரா வைத்துக் காட்டினார்கள். கைகளையும் சேர்த்துக் காட்டத்தான் ஏற்பாடு. கால்களை மட்டும் காட்டினால் போதும் என்று மஹதி மேடம் கேட்டுக்கொண்டதாக அறிவித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எண்பது வயது மனிதரை, அதுவும் வீணை வெங்கடரமணனை, மயிலாப்பூரிலிருந்து வரவழைத்து உட்காரவைத்துவிட்டு, அவருக்கு எது ஆகாதோ அதையே இத்தனை பெரிதாகக் காட்டுவாளா அக்கா?

எங்கள் வீட்டில் வீணையின் உறைமேல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். தெரியாமல் பட்டாலும் விடமாட்டார்.

அந்த வீட்டுப் பெண், பள்ளிக்கூடத்துச் சாப்பலில் ஆர்கனைக் கேட்டுவிட்டு அதையே பிடித்துக்கொண்டாள். கைக்குக் கட்டைகள் இருப்பதுபோலக் காலுக்கும் வரிசையாகக் கட்டைகள் உள்ள வாத்தியம். அதையும் ஷூ போட்டுக்கொண்டு மிதிக்க வேண்டும். ஜெர்மனிக்குப் போனாள், படித்தாள், பெரிய பெரிய தேவாலயங்களில் வாசித்தாள். உட்கார இடம் கிடைக்காமல் ஜனங்கள் நின்றுகொண்டு கேட்டார்கள்.

"வாசிக்கட்டும். நான் வந்து பாக்க மாட்டேன்" என்றார் அப்பா.

அதோடு சரி. லீவுக்கு அவள் வந்தால் ரசத்தைப் பற்றிப் பேசுவார்கள், வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். சங்கீதம் மட்டும் பேசமாட்டார்கள். இரண்டு சங்கீதக்காரர்கள் இப்படி ஒரு வீட்டில் இருப்பதைப் போலக் கொடுமை கிடையாது. நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான்.

இந்தத் தடவை அவளாகவே கேட்டாள். "ஒரே ஒரு தடவை வாங்கோப்பா."

கச்சேரியன்று சாயங்காலம் பார்த்தால் அப்பா சலவை வேஷ்டி கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

முந்நூறு வருஷத்துக்கு முந்தைய இசை. முதலில் மெல்லிசாக ஒரு குரல் கிளம்பியது. அதைத் துரத்திக்கொண்டு இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. பிறகு அடியிலிருந்து கனமாக ஒன்று எழும்ப, பெஞ்சுப் பலகை அதிர்ந்தது. எங்களுக்கு முன்வரிசையில் ஒரு மாமா விடாமல் தொடையில் தாளம் போட்டார். பாதியில் கணக்குத் தப்பிப்போய்க் கையைக் கட்டிக்கொண்டார்.

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. முகம் கடுகடுவென்று இருந்தது. கடைசி உருப்படி வரைக்கும் தாங்குவாரா என்று நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், வாசிப்பைக் கேட்கவில்லை.

கடைசி உருப்படி ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். சட்டென்று என் முழங்கையைப் பிடித்தார்.

"இது இடது கை வாசிக்கற இடம்டா. கால்ல வாசிக்கறா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எப்பவும் இந்த இடத்துல இடது கைதான் வரும்" என்றார்.

எப்பவுமா?

தினமும் காலையில் நாகேஸ்வரராவ் பூங்காவில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு நடப்பார். உபன்யாசம் கேட்கிறார் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். பார்க்க மாட்டேன் என்று சொன்ன மனிதர் கேட்க மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அப்புறம்தான் நானும் திரையைப் பார்த்தேன். குதிகால் ஒரு கட்டையில் இருக்கும்போதே விரல்முனை அடுத்த கட்டைக்குப் போனது. ஒரு காலைத் தாண்டி மற்றொரு கால் ஓடியது. கணுக்காலில் நரம்பு புடைத்திருந்தது. சுற்றியிருந்தவர்கள் ஆஹா என்றார்கள். அப்பா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டார்.

முடிந்ததும் சர்ச்சே எழுந்து, மாடியைப் பார்த்துத் திரும்பிக் கைதட்டியது. அக்கா மாடிக் கைப்பிடிக் கம்பிக்கு மேலே வலது கையை உயர்த்தினாள்.

அப்பா கைதட்டவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு மாடிப்படிப் பக்கம் நடந்தார்.

அவள் மெதுவாக இறங்கி வந்தாள். ஷூக்களைப் போட்ட துணிப்பை வலது தோளில் தொங்கியது. இடது கை சால்வைக்குள் இருந்தது. அப்பா சால்வையை விலக்கி அந்தக் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். மடக்கிய விரல் அப்படியே நின்றது.

"எப்போலேர்ந்து?"

"மார்கழியிலேர்ந்துப்பா. இன்னும் யாருக்கும் தெரியாது."

பக்கத்தில் நின்றவர்கள், அப்பாவும் பெண்ணும் கை கோத்து நிற்பதை போட்டோ எடுத்தார்கள்.

துணிப்பையை அப்பா வாங்கிக்கொண்டார். டிக்கியில் வைக்கிறேன் என்று கை நீட்டினேன், தரவில்லை. காரில் பின்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மந்தைவெளியை நெருங்கினோம். அக்கா ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள்.

சிக்னலில் வண்டியை நிறுத்தியபோது கண்ணாடியில் பார்த்தேன். அப்பா பைக்குள் கையை விட்டு ஷூக்களைத் தொட்டார். தொட்ட கையை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.