தெளிந்த பயம்

"கடல் உள்ளே வந்துக்கிட்டே இருக்கு டாக்டர். துறைமுகத்துல வருஷா வருஷம் நான்தானே அளக்குறேன்," என்றார் என் கணவர்.

மனநல மருத்துவர் சிரித்தார். "அது கடல் இல்ல சார். சின்ன வயசுல உங்களை மிரட்டின அப்பா. அந்தப் பயத்தைக் கடல் மேல ஏத்தி வெச்சிருக்கீங்க."

எட்டு மாதம் வாராவாரம் கூட்டிப்போனேன். பயம் தெளிந்தது. "கடலோரமா ஒரு வீடு வாங்கிக் குடியிருங்க, மிச்சமும் போயிடும்," என்றார் மருத்துவர். தரகர் காட்டிய வீடு இவருக்குப் பிடித்துவிட்டது.

பத்திரப்பதிவு அலுவலகத்தில், விற்பவராக வந்து உட்கார்ந்தவர் அதே மருத்துவர். பத்திரத்தில் அவருடைய புது முகவரி மலை மேல் இருந்தது.

கணவரின் கையைப் பிடித்து இழுத்தேன். "எழுந்திரிங்க, போகலாம்," என்றேன்.

"டாக்டரே குடியிருந்த வீடும்மா. இனி என்ன பயம்?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார் என் கணவர்.