உபயம்: ஹரிதாஸ் குடும்பத்தினர்

புக்கிட் காத்தில் தாமான் குடியிருப்பிலுள்ள கோயிலின் மடைப்பள்ளியில் புது உபயமாக ஒரு கேஸ் அடுப்பு பளபளக்கிறது. போன வாரம்வரை அதில் ஹரிதாஸ் வீட்டுக் கோழி வாட்டப்பட்டது. இந்த ரக அடுப்பின் ரெகுலேட்டரில் கேஸ் கசிகிறது, கடையில் திருப்பிக் கொடுங்கள் என்று அடுப்புக் கம்பெனி செய்தித்தாளில் போட்டதை ஊரே படித்திருக்கிறது. கடைவரை தூக்கிப்போக அலுப்புப்பட்ட கனவான், அம்மனுக்குக் கொடுத்துவிட்டார். மூடிமேல் சிவப்புப் பெயிண்டில் எழுதிய அவர் பெயர் இன்னும் காயவில்லை. கோயில் தலைவர் அவருக்கு மாலை போடுகிறார், கேமரா பளிச்சிடுகிறது. சிலிண்டரைத் திறந்ததும் உஸ்ஸென்று ஒரு சத்தம். "மூட்டுங்கக்கா" என்றபடி ஹரிதாஸ் வாசல் பக்கம் நகர்கிறார். சமையல்கார இருசம்மாள் சிலிண்டரை மூடிவிட்டு, தீப்பெட்டியை அவர் உள்ளங்கையில் வைக்கிறாள். "முதல் மரியாதை உபயகாரருக்குத்தான்லா, தம்பி. திறந்து நீங்களே மூட்டுங்க."