கோ பிளைண்ட், கோ டெஃப்!

“நான் இங்கிலீஷ்ல வசவா வஞ்சே ஒரு சரக்குக் கப்பலத் திருப்பி விட்டேன் டீச்சர்!”

பாம்பன் சமுதாயக் கூடத்து ஆங்கில வகுப்பில் ஜோதிமேரி இப்படிச் சொன்னதும் எழுந்த சிரிப்பில் கூரைத் தகரம் நாலு கழன்றிருக்கும். டீச்சர் சூஃபியாவுக்கு மட்டும் மூக்கு நுனி சிவந்தது.

“பொய் சொல்றவங்க நாளையில இருந்து வகுப்புக்கு வர வேணாம்.”

ஜோதிமேரிக்குச் சுருக்கென்றது. ஆறாம் வகுப்போடு போன படிப்பு இப்போதுதான் கைக்குத் திரும்பியிருந்தது. அதைப் பிடுங்க இவள் யார்?

“பொய்யா? போன மாசம் எங்க வீட்டுக்காரரு வலை விட்டுட்டுக் கிடக்காரு. கப்பல் வலையப் பாத்து வருதுன்னு வாக்கிடாக்கில கத்துறாரு. கடல்ல எல்லாருக்கும் கேக்குற சேனலப் போட்டு, நீங்க அன்னைக்கு நடத்துன பாடத்தக் கரையில இருந்தே விட்டேன்!”

அன்றைய பாடம் ‘கோ’வோடு சேரும் சொற்கள். கண் தெரியாமல் போனால் கோ பிளைண்ட், காது போனால் கோ டெஃப், முடி போனால் கோ பால்ட். மற்றவர்கள் திணற, ஜோதிமேரிக்கு ஒரே மூச்சில் ஏறிவிட்டது. மீன் ஏலத்தில் காலமெல்லாம் அவள் தமிழில் விட்ட சாபங்கள்தானே அத்தனையும்!

ஏணி மேல் நின்று மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்த சூஃபியாவின் கணவன் அசாருதீன் சிரித்தான். கப்பலில் வேலை, போன வாரம்தான் விடுப்பில் வந்திருந்தான்.

“திருப்புறதுக்கு அது என்ன ஆட்டோவாக்கா? அம்புட்டுப் பெரிய நீலக் கப்பலு, ஒங்க வசவுக்கா திரும்பும்?”

ஜோதிமேரி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“ஏலே, எறங்குடா கீழ! எப்படி வஞ்சேன்னு நீயே கேளு. கோ பிளைண்ட்! கோ டெஃப்! கோ பால்ட்! கப்பல்ல உள்ள அத்தன பேரும் கோ மேட்!”

அந்தச் சத்தத்துக்குப் பாலத்தில் உட்கார்ந்திருந்த கடல் காக்கைகள் தனுஷ்கோடியில் போய்த்தான் இறங்கின.

“போதும், கிளம்புங்க!” சூஃபியா வாசலைக் காட்டினாள்.

ஜோதிமேரி பையை எடுத்தாள். கோபத்தில் கண் கலங்கி வாசற்படி தெரியவில்லை.

அசாருதீன் வெளிறிய முகத்தோடு ஏணியிலிருந்து இறங்கினான்.

“அவங்கள விடு சூஃபியா. அன்னைக்கு அந்த வசவுக்குப் பயந்து சுக்கானத் திருப்புனது நாந்தான்.”