ஆசீர்வாதத்துக்கு முன்னால்

"ஆசீர்வாதம் முடியறதுக்கு முன்னாடி எழுந்து போறவங்களுக்கு மூணு மாசம் திருவிருந்து கிடையாது. விதி ஒன்பது. நானா சொல்லல, சுவர்லயே எழுதியிருக்கு."

எழுதியிருந்தது உண்மைதான். அதை எழுதி, கண்ணாடி போட்டு, ஆணியடித்து மாட்டியவரும் அவர்தான். சபையின் மூத்த மூப்பர். அவர் காதில் விழாதபோது எல்லோருக்கும் அவர் 'சட்டம் ஐயா'.

சபைக் குழுவின் எதிரே தையல்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். திருவிருந்து மேஜையை விரிப்பதும், பாத்திரங்களைக் கழுவி வைப்பதும் அவள் பொறுப்பு. நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"ஆசீர்வாதம் முடிஞ்ச பிறகு, மூப்பர்கள் முன்னாடிதான் விரிப்பை மடிச்சுப் பூட்டணும். நீ கடைசிப் பாட்டு ஆரம்பிச்சதுமே எல்லாத்தையும் வாரிச் சுருட்டிக்கிட்டுப் பின்கட்டுக்குப் போயிடுற. அஞ்சு வாரமா பார்க்கிறேன்."

நோட்டைத் திருப்பிக் காட்டினார். தேதிவாரியாக இருந்தது. எழுத்துதான் கோணல்மாணல். இப்போதெல்லாம் நல்ல பேனாவே கிடைப்பதில்லை என்பது அவர் குறை.

"அப்படி என்னம்மா தலைபோற அவசரம்?" போதகர் கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்கய்யா."

"ஒண்ணுமில்லாததுக்கா ஆண்டவரோட ஆசீர்வாதத்தை விட்டுட்டுப் போற?" என்றார் சட்டம் ஐயா.

அவள் தரையைப் பார்த்தாள்.

பொருளாளர், தன் பக்கத்திலிருந்தவர் காதைக் கடித்தார். "எல்லாம் வீம்புதான். வீட்டுக்காரர் விஷயத்தை இன்னும் மனசுல வெச்சிருக்கா."

அவர் காதைக் கடித்தால் அடுத்த தெருவரை கேட்கும். சட்டம் ஐயாவுக்கும் கேட்டது.

"அதையும் பேசிடுவோம். உன் வீட்டுக்காரர் திராட்சரசக் கோப்பை கொடுக்கும்போது விரிப்புல சிந்திட்டார். சிந்தினவர் மறுபடி பரிமாறக் கூடாது. விதி நாலு. சபை முன்னாடி வாசிச்சு, இறங்கச் சொன்னேன். போய்ச் சேர்ந்துட்டார், நல்ல மனுஷன்தான். எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? ஆனா அவருக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயம்னு வெச்சுக்க முடியுமா?"

"முடியாதுங்கய்யா."

போதகர் நல்லவர். நல்லவர்கள் பலருக்கும் உள்ள கெட்ட பழக்கம் அவருக்கும் உண்டு. யாராவது குரலை உயர்த்தினால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். துடைத்துக்கொண்டே, "இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமே" என்றார்.

"பார்க்கலாம். அடுத்த வாரம் நானே பார்க்கிறேன்" என்றார் சட்டம் ஐயா.

அடுத்த ஞாயிறு. திருவிருந்து முடிந்து கடைசிப் பாட்டின் முதலடி எழும்பியது. தையல்காரம்மா மேஜையை ஒழித்து, விரிப்பையும் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் பின்கட்டுக்குப் போனாள்.

சட்டம் ஐயாவும் எழுந்தார், நோட்டோடு.

குழாயடியில் அவள் விரிப்பும் சோப்புமாக நின்றிருந்தாள். பக்கத்து முக்காலியில் அதே அளவில், அதே ஓரத் தையலோடு இன்னொரு வெள்ளை விரிப்பு, இஸ்திரி போட்டுத் தயாராக இருந்தது.

"அகப்பட்டியா! கர்த்தருடைய நாள்ல துணி துவைக்கிறியா? அதுவும் திருவிருந்து விரிப்பை!"

அவள் அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தாள். அவர் பிடுங்கினார். சட்டைப் பையிலேயே குடியிருக்கும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். இடது ஓரத்தில் நாலைந்து சொட்டு திராட்சரசம்.

"யார் சிந்தினது?"

அவள் குழாயைத் திறந்துவிட்டாள்.

"வாராவாரம் இதானா நடக்குது? சிந்தினதைவிட மறைக்கிறது பெரிய தப்பு. பேரைச் சொல்லு, இன்னைக்கே இறக்கிடறேன்."

"வேண்டாங்கய்யா. காயறதுக்குள்ள அலசிட்டா போயிடும்."

"பேரைச் சொல்லு!"

விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, நோட்டைக் குழாய்த் திட்டின் மேல் விரித்துப் பேனாவைத் திறந்தார். பேனா முனை தாளின் மேல் நிற்காமல் ஆடியது. இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். அப்போதும் ஆடியது.

அந்தக் கையைப் பார்த்தவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவரும் பார்த்தார். முதலில் கையை. பிறகு விரிப்பின் இடது ஓரத்தை. மேஜைக்கு இடப்பக்கம் நின்று கோப்பை கொடுப்பவர் அந்தச் சபையில் ஒரே ஒருவர்தான். பேனாவை மூடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

உள்ளே பாட்டு நின்று, போதகர் ஆசீர்வாதம் கூறத் தொடங்கியிருந்தார். அது முடிவதற்கு முன் எழுந்து வந்தவர்கள் இன்று இரண்டு பேர்.

"உன் வீட்டுக்காரருக்கு நான் செஞ்சதுக்கு..." நோட்டை மூடினார். "இந்தத் துணியை நீ சபை முன்னாடி தூக்கிக் காட்டியிருக்கலாமே. ஏம்மா காட்டல?"

அவர் தோளிலிருந்து விரிப்பை மெதுவாக எடுத்து, குழாய்க்கடியில் பிடித்தாள்.

"அன்னைக்கு இறங்கிப் போனவர், அதுக்கப்புறம் கோயில் படியை மிதிக்கவே இல்லைங்கய்யா. அடக்கத்துக்கு நாலு பேர் தூக்கிட்டு வந்ததுதான்." கறையைக் கசக்கினாள். "நீங்களாவது உங்க கால்ல நடந்து வரணும்."