அப்பா குளிக்கிறாரு

"மூர்த்தி இருக்கானா?"

"அப்பா குளிக்கிறாரு மாமா. உக்காருங்க" என்று கேட்டைத் திறந்தாள் லோஷினி.

சதாசிவம் மாமா உட்கார்ந்ததும் தேநீர் போடப் போனாள். தெப்ராவ் தொழிற்சாலையிலிருந்து வந்து சீருடைகூட மாற்றவில்லை. கால் இரண்டும் கெஞ்சின.

குளியலறையில் யாரும் இல்லை. அப்பா இறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மாமாவின் இருமல் தெருவில் கேட்டதுமே, மாலை போட்ட படத்தைக் கழற்றி அறைக்குள் ஒளித்துவிடுவாள்.

மாமா அப்பாவோடு பஸ் ஓட்டியவர். தகனத்தன்று தலையிலடித்துக்கொண்டு அழுதவர். அவரே பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வாசலில் நின்று இப்படிக் கேட்டபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வயதான மனிதர், புத்தி தடுமாறிவிட்டது. இன்னொரு தடவை எப்படிச் சாவைச் சொல்வது? வாயில் வந்ததைச் சொல்லிவைத்தாள். அன்றிலிருந்து தினமும் இதே கூத்துதான்.

அவளுக்கோ அழக்கூட நேரம் வாய்க்கவில்லை. தகனத்துக்குப் பெர்மிட், பந்தல், சாப்பாடு என்று ஒற்றைப் பிள்ளையாக ஓடினாள். இப்போது செத்தவரைத் தினமும் குளிக்க அனுப்பும் வேலை வேறு.

"இந்தாம்மா, சூடா இருக்கு. சாப்பிடு."

பொட்டலத்தில் உளுந்து வடை. அப்பாவுக்கு மசால் வடைதான் உயிர். மாமா எப்போதும் அதைத்தான் வாங்கி வருவார். உளுந்து வடை இவளுக்குப் பிடித்தது. அதையும் மறந்துவிட்டார் போல, பாவம்.

தேநீரைக் குடித்துவிட்டு மாமா எழுந்தார். "அவன் மெதுவா குளிக்கட்டும் லா. நாளைக்கு வர்றேன்."

குடையை மறந்து போயிருந்தார். எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். தெருமுனையில் முதுகைக் காட்டி நின்று மனைவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். காது மந்தம், குரல் தெருவுக்கே கேட்டது.

"இல்ல செல்லம், இன்னைக்கும் குளிக்கிறாருன்னுதான் சொல்லுது. அன்னைக்கு நான் பழக்கத்துல வாய்தவறிக் கேட்டுட்டேன், இந்தப் புள்ள நெசமாவே அப்பன் உள்ள இருக்கான்னு நெனைச்சுக்கிட்டிருக்கு. படத்தைக்கூட மாட்டல. ஒரு சொட்டு கண்ணீர் விடலையே, அதான் இப்படி ஆயிருச்சு. என்னைக்காவது இல்லன்னு சொல்லிடாதான்னு தினம் கேட்டுப் பாக்குறேன்."

திரும்பியவர் அவளைப் பார்த்து அப்படியே நின்றார்.

லோஷினி குடையை நீட்டினாள். இத்தனை நாள் வராத அழுகை இப்போது பொங்கி வந்தது.

"அப்பா இல்ல மாமா."