எண்பதாவது கிலோமீட்டர்

எண்பதாவது கிலோமீட்டரில் தேசப்பனுக்குக் கண் இருட்டியது. சைக்கிளைப் போட்டுவிட்டுப் புளியமரத்தடியில் சரிந்தான்.

"இன்னாடா, இவ்ளோதானா? தொண்ணூத்தி மூணாம் வருசம் ரேஸ்ல இதே ரோட்ல பறந்தியே!" என்று சிரித்தான் தீனா.

"அன்னிக்கு நீ இதே மரத்தடியில வுழுந்துட்ட மச்சான். அதான் நான் ஜெயிச்சேன்."

செங்கல்பட்டில் தொடங்கிய நூறு கிலோமீட்டர் பந்தயம் அது. ஜெயித்த தேசப்பனுக்கு விளையாட்டுக் கோட்டாவில் வேலை கிடைத்தது. தீனா அன்றிலிருந்து பதினாலு வருஷமாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறான். பழைய ஆசையில் இன்று இருவரும் அதே பாதையில் கிளம்பியிருந்தார்கள்.

தீனா ஒரு கடலை மிட்டாயை நீட்டினான். தேசப்பன் அதைப் பிடுங்கி, காகிதத்தைக்கூடச் சரியாகப் பிரிக்காமல் கடித்தான். உடம்பு இப்படி விழுந்தால் இனிப்புக்கு எப்படிப் பறக்கும் என்பது அவனுக்கு இன்றுதான் தெரிந்தது.

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"அன்னிக்கு நானும் உனக்கு மிட்டாய் குடுத்தேன். வாணாம், நீ போன்னு சொல்லிட்டியேடா?"

தீனா சாலையைப் பார்த்தான்.

"அப்போ உங்க நைனா செத்து ஒரு மாசங்கூட ஆவல. வூட்ல மூணு தங்கச்சிங்க... தின்னுட்டு வண்டிய எடு. வெயில் ஏறிக்கினே போவுது."